வழி காட்டாத விளையாட்டு

கைத்தொலைபேசியில் ஃப்ரீ ஃபயர் ஆடிப் பழகியவர் ஹாலோ நைட் என்ற விளையாட்டைத் திறந்தால் முதலில் குழம்பித்தான் போவார். இங்கே போ என்று காட்ட அம்புக்குறி இல்லை. திரையின் மூலையில் வரைபடம் இல்லை. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலும் இல்லை. தலையில் இரண்டு கொம்பும் வாளுக்குப் பதில் ஓர் ஆணியுமாக, வாய் திறந்து பேசாத ஒரு சின்னப் பூச்சி இருட்டுக்குள் இறங்குகிறது. மீதியை நாமே கண்டுபிடிக்கவேண்டும். பலர் இந்த இடத்திலேயே மூடிவைத்துவிட்டு, "என்ன விளையாட்டு இது" என்று போய்விடுகிறார்கள். அப்படிப் போகாமல் இருக்க இதன் சில விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம் என்பது நம் பக்கத்துக்கு நல்ல செய்தி. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினி புளத்கொகுபிட்டியிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு வீட்டில் கிடந்தால், அதில் இது ஓட நல்ல வாய்ப்பு உண்டு. 4 ஜிபி ராம், 9 ஜிபி இடம், 2008-ல் வந்த ஒரு கிராபிக்ஸ் அட்டை: குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லப்பட்டவை இவைதான். ஒருமுறை இறக்கிக்கொண்டால் ஆடுவதற்கு இணையம் தேவையில்லை. மழைக்காலத்தில் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும் இடங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. ஆனால் வாசிக்கவேண்டியதும் அதிகம் இல்லை. பாதிக் கதையைப் படமே சொல்லிவிடுகிறது.

செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு. ஆரி கிப்சன் அசைபடக் கலைஞர். வில்லியம் பெல்லன் வடிவமைப்பாளர். 2014 இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள். 57,000-க்கும் மேல் வந்தது. விளையாட்டு 2017 பிப்ரவரி 24 அன்று கணினிக்கு வெளியானது. கிறிஸ்டோபர் லார்கின் இசையமைத்தார். அதன்பின் சேர்த்த நான்கு பகுதிகளையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று வாங்குபவருக்கு எல்லாம் ஒன்றாகவே கிடைக்கும்.

இந்த வகை ஆட்டம் பழையதுதான். 1986-ன் மெட்ராய்ட், 1997-ல் வந்த ஒரு காசில்வேனியா என்று ஜப்பானிய வேர் இதற்கு உண்டு. பெரிய உலகம் ஒன்று முதலிலேயே நம் முன் இருக்கும், ஆனால் பாதி வழிகள் எட்டாது. ஒரு மேட்டைப் பார்த்து ஏங்கிவிட்டுத் திரும்புவோம். பிறகு சுவரைப் பற்றி ஏறும் திறன் கிடைக்கும், அந்த மேடு நினைவுக்கு வரும், திரும்பி ஓடுவோம். எனவே இதில் முக்கியமான கருவி ஞாபகம்.

ஹாலோ நைட் அந்த ஞாபகத்தை வேண்டுமென்றே சோதிக்கிறது. ஹாலோநெஸ்ட் என்ற பாழடைந்த பூச்சி ராஜ்ஜியத்தில் வரைபடமே விலைக்குத்தான் கிடைக்கும். கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் புதிய பகுதிகளில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். நெருங்கினால் அவர் முனகும் பாட்டு கேட்கும். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும். அதைப் பின்தொடர்ந்து போய் வாங்கினாலும் கையில் வருவது அரைகுறைப் படம். மேலே டர்ட்மவுத் ஊரில் கடை வைத்திருக்கும் அவர் மனைவி இசெல்டாவிடம் இறகுப் பேனா வாங்கவேண்டும். அப்போதுதான் நாம் நடந்த இடங்கள் அதில் ஏறும். அதுவும் உடனே ஏறாது, ஓர் இருக்கையில் போய் அமர்ந்தால்தான் ஏறும். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் திசைகாட்டி கூட ஒரு தாயத்து. தாயத்து மாட்டத் தொடக்கத்தில் மூன்றே குழிகள். அதில் ஒன்றைத் திசைகாட்டி பிடித்துக்கொள்ளும். புதியவர்கள் கூச்சப்படாமல் அதை மாட்டிக்கொள்ளலாம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? ரப்பர் மலையைத் தாண்டி லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு யாரும் வரைபடம் கொடுப்பதில்லை. கொழுந்து மடுவம், உடைந்த மதகு, கோயிலடி மரம் என்று அடையாளம் வைத்து எந்தக் குறுக்கு எங்கே ஏறும் என்பதைக் கால்தான் கற்றுக்கொள்கிறது. அந்த அறிவைத்தான் இந்த ஆட்டமும் கேட்கிறது. இதன் காட்சிகளைக் கையால் வரைந்திருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ஒரே சுவரையும் ஒரே தூணையும் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தால் இத்தனை அறைகளும் மனதில் கலந்துபோகும். இங்கே கிரீன்பாத்தில் இலையும் கொடியும், கிரிஸ்டல் பீக்கில் ஊதா ஒளிரும் பளிங்கு. ஒரு மூலையைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். சிட்டி ஆஃப் டியர்ஸ் என்ற நகரம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, ஆனால் அங்கே ஓயாமல் மழை. மண்ணுக்குள் மழை எப்படி என்று யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்வதில்லை. வெகுநேரம் கழித்து, மேலே ஓர் ஏரிக்கரையில் நிற்கும்போது நமக்கே விளங்கும். எனக்கு இந்த விளையாட்டில் ஆகப் பிடித்த இடம் அதுதான். அங்கே சண்டை இல்லை.

சண்டைக்கு வருவோம். கணினியில் அம்புவிசைகளால் நகரலாம். இசட் குதிக்க, எக்ஸ் அடிக்க. இவ்வளவுதான் தொடக்கம். எதிரிகள் பெரிதாகத் தெரிந்தாலும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. முதல் பெரிய எதிரியான ஃபால்ஸ் நைட் கதாயுதத்தை ஓங்குவதற்கு முன் உடலை எப்படி வளைக்கிறான் என்று பாருங்கள். அந்த வளைவை வரைந்தவர் நமக்காகத்தான் வரைந்திருக்கிறார். அடி விழும் முன் ஒரு கணம், அது போதும் விலக. விரல் வேகத்தைவிடக் கண்ணுக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

உயிர் ஐந்து முகமூடிகளாகக் காட்டப்படும். குணமாகும் முறை, என் கணிப்பில், இந்த விளையாட்டின் மிகக் கெட்டிக்காரத்தனமான விதி. எதிரியை அடிக்க அடிக்க ஆன்மசக்தி சேரும். மூன்று அடியில் சேர்வது ஒரு முகமூடியை மீட்கப் போதும். ஆனால் மீட்கும்போது அசையாமல் நிற்கவேண்டும். ஆகவே அடிபட்டவன் ஓடி ஒளிந்து தேறமுடியாது. அடித்தவனிடமே திரும்பிப் போய்ச் சம்பாதிக்கவேண்டும், பிறகு அவன் மூச்சுவிடும் இடைவெளியில் நிற்கவேண்டும். கோழையாக ஆடுபவர்தான் சீக்கிரம் சாவார்.

செத்தால் என்ன ஆகும்? கையிலிருந்த ஜியோ, அதாவது அங்கே புழங்கும் காசு, முழுக்கப் போய்விடும். நாம் கடைசியாக அமர்ந்த இருக்கையில் எழுவோம். செத்த இடத்தில் நம் நிழல் கறுப்பாகக் காத்திருக்கும். அதை வீழ்த்தினால் காசு திரும்பும். போகும் வழியிலேயே இன்னொரு முறை செத்தால் பழைய காசு போனது போனதுதான். எனவே புது இடத்துக்குள் நுழையும் முன் கடைக்குப் போய்ச் செலவழித்துவிடுங்கள். டீப்நெஸ்ட் என்ற இருண்ட பகுதிக்குள் தெரியாமல் சீக்கிரமே விழுந்துவிடுபவர்கள் உண்டு. ஸ்லை என்ற வியாபாரியின் கடையில் 1,800 ஜியோவுக்கு விற்கும் விளக்கு அதிக விலையாகத் தெரியும். இருட்டு அறைகளுக்கு அது வேண்டும்.

இதன் அடுத்த ஆட்டமான சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வந்தது. அன்றைக்கு வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் உட்பட இணையக் கடைகள் தடுமாறின. எல்லாரும் அதைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று நேரே அங்கே போகவேண்டாம். அதில் ஆடுவது ஹார்னெட், முதல் விளையாட்டில் கிரீன்பாத்தில் நம்மோடு சண்டை போட்டவள். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு முகமூடிகளை உடைப்பார்கள். கீழ்நோக்கி அடிக்கும்போது ஹாலோ நைட்டின் பூச்சி ஆணியை நேராகக் கீழே வீசும், ஹார்னெட் சாய்வாகப் பாய்வாள். முதல் ஆட்டத்தில் பழகிய கைகூட அங்கே கொஞ்ச நேரம் முள்ளுக்குழியில்தான் விழும்.