பிரஷரும் சிறுநீரகமும்

"பிரஷருக்கும் கிட்னிக்கும் என்ன சேர் சம்பந்தம்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் தமிழ் வாத்தியார்தான். ஆனாலும் நல்ல கேள்வி.

குருதியமுக்கம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தைக் குருதியில் விடுகிறது. 1898இல் ஸ்டொக்ஹோமில் டிகர்ஸ்டெட், பேர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் இதைக் கண்டு பெயரிட்டார்கள். ரெனின் நேரே அமுக்கத்தைக் கூட்டாது. ஈரல் அனுப்பும் ஒரு புரதத்தை அது வெட்டி அஞ்சியோடென்சின் 1 ஆக்கும். சுவாசப்பையில் மிகுந்துள்ள இன்னொரு நொதியம் அதை மேலும் நறுக்கி அஞ்சியோடென்சின் 2 ஆக்கும். வேலைக்காரன் இவன்தான்: குருதிக்குழாயை இறுக்குவான்; உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைப்பான். அமுக்கம் ஏறியதும் ரெனின் அடங்கும்.

சிறுநீரகத்துக்குப் போகும் நாடி ஒடுங்கினால் கணக்குப் பிசகும். தனக்கு வரும் குருதி குறைவதால், உடம்பெங்கும் குறைவென்று எண்ணி அது ரெனினைக் கொட்டும். அமுக்கம் இன்னும் ஏறும்.

எனலாபிரில் குளிசை அந்த இரண்டாவது நொதியத்தைத் தடுக்கிறது. லொசார்ட்டன், அஞ்சியோடென்சின் 2இன் வேலையைத் தடுக்கிறது.

"தலைச்சுத்து இல்ல, இனி குளிசை எதுக்கு மகன்?" என்பா என் உம்மா. கூடிய அமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாது; சத்தமில்லாமல் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் அமுக்கத்தை மேலும் ஏற்றும். டொக்டரிடம் கேளாமல் குளிசையை நிறுத்த வேண்டாம்.