எரித்திரியாவின் பினியாமும் யாழ்ப்பாணத்துச் சைக்கிளும்

2022 மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் வரிசைகள் நீண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வெளியே வந்தன. அன்று மாலை பெல்ஜியத்தின் வெவெல்கம் நகரில், ஏறத்தாழ 249 கிலோமீற்றர் ஓடி முடித்த நான்கு பேர் ஒன்றாக முடிவுக் கோட்டை நோக்கி வந்தார்கள். மற்ற மூவரும் எதிர்பார்ப்பதற்கு முன்னரே வேகத்தைக் கூட்டி, முதலாவதாகக் கோட்டைக் கடந்தவருக்கு வயது 21. பெயர் பினியாம் கிர்மாய். நாடு எரித்திரியா. 1934இல் தொடங்கிய கென்ட்–வெவெல்கம் ஓட்டத்தை ஆபிரிக்கர் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை.

எரித்திரியா என்ற பெயர் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. எதியோப்பியாவுக்கு எதிராக 1961 முதல் 1991 வரை முப்பது ஆண்டுகள் போராடி, 1993இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் தனிநாடான கதையை ஒரு தலைமுறை ஆர்வத்தோடு கேட்டது. அதன் பிறகு நடந்ததை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. விடுதலைக்குப் பின் அங்கே தேசியத் தேர்தல் ஒன்று நடந்ததில்லை. முடிவில்லாமல் நீளும் கட்டாய தேசிய சேவைக்குப் பயந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு ஓடினார்கள். 1998இல் எதியோப்பியாவுடன் எல்லைப் போர் மீண்டும் வெடித்தது. பல்லாயிரம் பேர் இறந்த அந்தப் போரின் கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியது 2000 மே மாதம். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 2ஆம் திகதி, அஸ்மாராவில் ஒரு தச்சுத் தொழிலாளியின் வீட்டில் பினியாம் பிறந்தார்.

அப்படிப்பட்ட நாட்டில் இருந்து எப்படி ஒரு தொழில்முறைச் சைக்கிளோட்ட வீரர் வர முடிந்தது? திறமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. அவருடைய முதல் சில ஆண்டுகளைப் பார்த்தால், கால் வைப்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு படி இருந்தது தெரியும்.

முதற்படி வீட்டுக்கு வெளியிலேயே இருந்தது. எரித்திரியாவுக்குச் சைக்கிளைக் கொண்டுவந்தவர்கள் இத்தாலியக் குடியேற்றக்காரர்கள். தங்கள் பந்தயங்களில் உள்ளூர் ஆட்களை அவர்கள் சேர்க்கவில்லை. 1939இல் இரு தரப்பையும் ஒன்றாக ஓட விட்டபோது வென்றவர் கெப்ரமரியாம் கெப்ரு என்ற எரித்திரியர். 1946இல் நாட்டைச் சுற்றும் ஓட்டம் ஒன்று தொடங்கியது. பின்னர் அது நின்றுபோய், 2001இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் தெருவில் சைக்கிள் நிற்கவில்லை. கடல் மட்டத்தில் இருந்து 2,300 மீற்றருக்கு மேல் இருக்கும் அஸ்மாராவில், விடுமுறை நாட்களில் வீதியை மறித்துப் பந்தயம் வைப்பது சாதாரணம். சனம் இரண்டு பக்கமும் நின்று பார்க்கும். மலைச் சைக்கிளில் தொடங்கிய பினியாம் இந்தத் தெருக்களில்தான் ஓடிப் பழகினார். பின்னேரங்களில் தகப்பனுடன் இருந்து தொலைக்காட்சியில் ரூர் டி பிரான்ஸ் பார்ப்பார். 2015இல் அதே ஓட்டத்தில் எரித்திரியரான டானியல் தெக்லெஹைமனொட், மலையேற்றத்தில் முன்னிற்பவருக்கான புள்ளிச் சட்டையை அணிந்து ஓடினார். பினியாமுக்கு அப்போது 15 வயது.

இரண்டாவது படி கண்டத்துக்குள். 2018 பெப்ரவரியில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த ஆபிரிக்கக் கனிஷ்ட சாம்பியன் போட்டிகளில் அவர் வீதியோட்டம், தனிநபர் நேர ஓட்டம், குழு நேர ஓட்டம் மூன்றையும் வென்றார்.

மூன்றாவது படிதான் முக்கியமானது. சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் சுவிற்சர்லாந்தின் எய்கல் என்ற சிறு ஊரில் 2002 முதல் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. சொந்த நாட்டில் வசதியில்லாத இளம் ஓட்டுநர்களை அங்கே எடுத்து, தங்க இடமும் சைக்கிளும் பயிற்றுநரும் கொடுத்து, ஐரோப்பியப் பந்தயங்களில் ஓட விடுகிறார்கள். 2018இல் பினியாம் அங்கே போனார். பெல்ஜியத்தில் நடந்த ஒரு கனிஷ்ட ஓட்டத்தின் முதற்கட்டத்தில் அவர் தோற்கடித்தவர்களுள் ஒருவர், பின்னாளில் உலகச் சாம்பியனான ரெம்கோ எவனபூல். வசதி சமமானதும் இடைவெளி இல்லாமற் போனது.

2019 ஜனவரியில், 18 வயதில், காபோன் நாட்டில் நடந்த ட்ரொப்பிக்கல் அமிசா பொங்கோ ஓட்டத்தில் தொழில்முறை வீரர்களையும் முந்தி ஒரு கட்டத்தை வென்றார். 2020இல் டெல்கோ என்ற பிரெஞ்சுக் குழுவில் முதல் ஒப்பந்தம். சேர்ந்தவுடன் அதே ஓட்டத்தில் மேலும் இரண்டு கட்டங்கள். பிறகு கொரோனா வந்து பந்தயங்கள் முடங்கின. அடுத்த ஆண்டு அந்தக் குழு பண நெருக்கடியில் விழுந்தது. பல இளைஞர்களின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஐரோப்பிய இளைஞனுக்குக் குழு கலைந்தால் வீட்டுக்குப் போய் அடுத்ததைத் தேடலாம். விசாவில் இருக்கும் ஆபிரிக்கனுக்கு ஒப்பந்தம் போனால் அங்கே நிற்கும் உரிமையே கேள்விக்குறியாகும். வெளிநாட்டில் விசாவோடு மல்லுக்கட்டிய எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2021 ஓகஸ்டில் பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே குழு அவரை எடுத்தது. உலகின் முதல்தரக் குழுக்கள் 18தான். குழுவுக்கு முப்பது பேர் என்றாலும் முழு உலகத்துக்கும் ஐந்நூற்றுச் சொச்ச இடங்கள். அதில் ஒன்று கிடைத்த அடுத்த மாதமே பெசான்சோனில் ஒரு நாள் ஓட்டம் ஒன்றை வென்றார். அதே செப்டெம்பரில் லூவன் நகரில் நடந்த 23 வயதுக்குட்பட்டோருக்கான உலக வீதியோட்டத்தில் இரண்டாமிடம். உலகச் சாம்பியன் போட்டியின் வீதியோட்டத்தில் கறுப்பின ஆபிரிக்கர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல் தடவை.

இந்த விளையாட்டில் காலின் பலம் பாதிதான். மீதி, காற்று. சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைக்கோ, பொன்னாலையால் காரைநகருக்கோ சைக்கிள் ஓடியவர்களுக்கு இது தெரியும். எதிர்க்காற்றில் மிதிக்க மிதிக்க வண்டி நகராது. முன்னால் ஒருவர் போனால் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சுகமாகப் போகலாம். தொழில்முறைச் சைக்கிளோட்டம் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. குழுவில் சிலரின் வேலையே தலைவருக்கு முன்னால் காற்றை வாங்குவதும், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுப்பதும், கடைசி 200 மீற்றர் வரை அவரைக் களைக்காமல் கொண்டுபோய் விடுவதும். அவர்களின் பெயர் செய்தியில் வராது. புதிதாக வருபவர் பெரும்பாலும் இந்த வேலையில்தான் தொடங்குவார். பினியாம் விரைவிலேயே அதைத் தாண்டிவிட்டார்.

வெவெல்கம் வெற்றிக்கு இரண்டு நாள் முன்னர்தான் அவர் கல் பாவிய வீதிகளில் முதன்முறையாக ஒரு பெரிய ஓட்டம் ஓடி ஐந்தாவதாக வந்திருந்தார். வென்ற அடுத்த வாரம் பிளாண்டர்ஸ் ஓட்டம். எல்லாரும் அவரை எதிர்பார்த்தார்கள். அவர் அஸ்மாராவுக்கு விமானம் ஏறிவிட்டார். மனைவியையும் சிறு மகளையும் பார்த்து மாதக்கணக்காகிவிட்டதாம். எனக்கு அவருடைய எந்த வெற்றியையும் விட இந்த முடிவு பிடிக்கும்.

மே மாதம் இத்தாலியில் ஜெசி என்ற ஊரில் மத்தியூ வான் டெர் பூலைத் தோற்கடித்து ஜிரோ டி இத்தாலியாவின் கட்டம் ஒன்றை வென்றார். மேடையில் போத்தலைத் திறக்கும்போது தக்கை தெறித்து இடது கண்ணில் அடித்தது. மறுநாள் ஓட முடியவில்லை. 2023இல் முதல் ரூர் டி பிரான்ஸ், வெற்றி இல்லை. 2024 வசந்தத்தில் விழுந்து எழும்பினார். ஆனால் அந்த ஜூலையில், 230 கிலோமீற்றர் நீளமான கட்டத்தின் முடிவில் துரின் நகரில் வென்றார். மேலும் இரண்டு கட்டங்கள் வென்று, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையோடு ஓட்டத்தை முடித்தார். கறுப்பின ஆபிரிக்கர் எவரும் அதற்கு முன் ரூரில் ஒரு கட்டம்கூட வென்றதில்லை.

இனி எங்கள் பக்கம். 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பின்னர் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. விறகு, சிமெந்துப் பை, ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குப் போகும் பெண், எல்லாம் கரியரில். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, மிதிக்க இடமில்லாத நெரிசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். உலகத்தில் எந்தச் சனத்தைவிடவும் குறையாமல் சைக்கிளோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனால் 1996இல் 16 வயதுப் பிள்ளை ஒன்று விடியப்புறம் ஐந்து மணிக்கு வீதியில் வேகமாக ஓடிப் பழகியிருக்க முடியுமா? ஊரடங்கு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி உருட்ட வேண்டும். வீதியோரத்தில் மிதிவெடிப் பலகை. சைக்கிள் இருந்தது, வீதி எங்களிடம் இருக்கவில்லை.

இப்போது வீதி இருக்கிறது. காபெற் போட்ட ஏ-9 இருக்கிறது. குடாநாட்டில் மலை இல்லையே என்பார்கள். பினியாம் வென்ற பிளாண்டர்சின் பெரும்பகுதியும் தட்டைதான். அங்கேயும் ஓட்டத்தைப் பிரிப்பது காற்றுத்தான். குறைவது படிகள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் சனசமூக நிலையம் வைக்கும் சைக்கிளோட்டத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஒரு கேடயம் கிடைக்கும். அதோடு சரி. அடுத்த ஞாயிறு ஓட இன்னொரு பந்தயம் இல்லை. தேசிய விளையாட்டு விழாவில் சைக்கிளோட்டம் உண்டு, ஆனால் அதில் ஓடும் தேசிய மட்ட வீரர்களில் பலருக்குச் சம்பளமும் சைக்கிளும் பயிற்சி நேரமும் கொடுப்பவை முப்படைகளின் குழுக்கள். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தியிடம் போய், உன்னுடைய மகன் நன்றாகச் சைக்கிள் ஓடுகிறான், படையில் சேர்த்துவிடு என்று யார் சொல்வது?

வேறு வழி உண்டா என்றால், விதிப்படி உண்டு. கனிஷ்டப் பிரிவு 17, 18 வயதுக்காரருக்கு. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த வயது. சர்வதேசப் பந்தயத்தில் ஓடுவதற்கான அனுமதிப்பத்திரத்தை நாட்டின் சைக்கிளோட்டச் சம்மேளனமே வழங்க வேண்டும். எய்கல் மையத்துக்கான வழியும் தேசிய சம்மேளனம் ஊடாகவே. எரித்திரியப் பிள்ளைக்கு அந்தக் கதவு அஸ்மாராவில் இருந்தது, அவருடைய தெருவில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். எங்கள் பிள்ளைக்கு அது கொழும்பில், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி, இன்னொரு மொழியில். அதுவரை, புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் சிறு பங்கில், மாதம் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் ஒரு வீதியை மறித்து, நேரம் பார்த்து எழுதும் ஓர் ஓட்டத்தை நடத்தலாம். பிரதேச சபையின் அனுமதியும், பொலிசாரும், ஓர் அம்புலன்சும் போதும். விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம், லுமாலாவில் ஓடட்டும். பத்து ஓட்டங்களின் நேரம் எழுதிய கொப்பி ஒன்று கையில் இருந்தால், கொழும்புக்குப் போகிறவர் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.