நாவுக்கு முந்தும் கை

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பேசத் தெரியாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அது நாள் முழுவதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கச் சொல்லி இரு கைகளையும் உயர்த்துகிறது. வேண்டாத சோற்றைப் புறங்கையால் தள்ளிவிடுகிறது. முற்றத்தில் காகம் வந்து இருந்தால் விரலை நீட்டிக் காட்டுகிறது. காட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நமது முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அதன் நாவு இன்னும் தயாராகவில்லை. கை தயாராகிவிட்டது.

எமது வீடுகளில் இந்தக் கைப்பேச்சுக்குப் பாடசாலை உம்மம்மாவின் மடிதான். சலாம் கொடுக்கக் கையை நீட்டுவதும், வாப்பா வெளியே போகும்போது டாட்டா காட்டுவதும், துஆ முடிந்ததும் இரு கைகளாலும் முகத்தைத் தடவுவதும், நிலா எங்கே என்று கேட்டால் விரலால் காட்டுவதும் குழந்தை அந்த மடியிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடங்கள். இதையே ஒழுங்குபடுத்தி, பால், தண்ணீர், இன்னும் வேண்டும், போதும் போன்ற அன்றாடத் தேவைகளுக்கும் சைகை பழக்கும் முறை கடந்த நாற்பது ஆண்டுகளில் மேற்கு நாடுகளில் வளர்ந்துள்ளது. அதில் எமக்குப் பயன்படுவது எது, மிகைப்படுத்தப்படுவது எது, எந்த வீட்டுக்கு அது உயிர்த்தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கை ஏன் முந்துகிறது? ஒரு சொல்லை உச்சரிக்க உதடு, நாக்கு, குரல்நாண், மூச்சு ஆகிய அனைத்தும் கணநேரத்துக்குள் ஒத்து இயங்க வேண்டும். இந்த ஒத்திசைவு கைகூடிப் பெரும்பாலான குழந்தைகள் முதற்சொல்லைச் சொல்லும்போது ஏறக்குறைய ஒரு வயதாகிவிடுகிறது. கையின் வேலை இலகுவானது. ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் குழந்தை சுட்டிக்காட்டத் தொடங்கிவிடும். இன்னொரு வசதியும் உண்டு. குழந்தையின் நாக்கைப் பிடித்து இப்படி அசை என்று எவராலும் காட்ட முடியாது. அதன் கையைப் பிடித்துக் காட்டலாம். அதுவும் தன் கையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரெடோலோ, 1980களில் தமது மகளிடம் ஒரு விடயத்தைக் கவனித்தார். பேச்சு வராத அக்குழந்தை பூவைக் காணும்போதெல்லாம் மூக்கைச் சுருக்கி முகர்ந்து காட்டியது. பூ என்னும் சொல்லுக்குப் பதிலாகக் குழந்தை தானே ஆக்கிக்கொண்ட சைகை அது. அவரும் சூசன் குட்வினும் இதை நீண்டகாலம் ஆராய்ந்து, 1996 ஆம் ஆண்டு பெற்றோருக்கான நூலொன்றை வெளியிட்டனர். அதன் பிறகு சைகை வகுப்புகளும், படஅட்டைகளும், காணொளிகளும் பெருகின. சைகை பழகிய குழந்தை மற்றக் குழந்தைகளை விட முன்னதாகப் பேசும், அறிவில் சிறந்து விளங்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் வந்தன.

அந்த விளம்பரங்களை அப்படியே நம்பத் தேவையில்லை. இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குழந்தைகளை எட்டு மாத வயதிலிருந்து இருபது மாத வயது வரை அவதானித்து, 2013 இல் முடிவை வெளியிட்டனர். சைகை பழகிய குழந்தைகள் மற்றவர்களை விட விரைவாகப் பேசவில்லை. ஆனால் அவர்களின் தாய்மாரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. குழந்தையின் சிறுசிறு அசைவுகளுக்கும் பார்வைக்கும் அவர்கள் கூடுதலாகக் கவனம் செலுத்திப் பதில் கொடுத்தார்கள். அதாவது, சைகை பழக்கியதால் குழந்தையை விட அதிகமாகக் கற்றுக்கொண்டவர் தாய்தான். சைகைக்காகக் காத்திருக்கும் தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார். கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சோறூட்டும் இக்காலத்தில் இது சிறிய பயன் என்று நான் நினைக்கவில்லை.

சைகை பழக்கினால் பிள்ளை பேசப் பஞ்சிப்படும் என்று சில பெற்றோர் அஞ்சுவதுண்டு. மேற்சொன்ன ஆய்விலும் அப்படி நேரவில்லை. டாட்டா காட்டப் பழகிய குழந்தை, போயிட்டு வாறேன் என்று சொல்லப் பழகாமல் விடுவதில்லை. சொல் வாயில் வந்ததும் சைகை தானாகவே உதிர்ந்துவிடும்.

செய்து பார்க்க விரும்பும் தாய்மாருக்குச் சில குறிப்புகள். ஆறு முதல் எட்டு மாதத்தில் காட்டத் தொடங்கலாம்; குழந்தை திருப்பிக் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முதலில் மூன்று நான்கு சைகைகள் போதும். பாலுக்குக் கைவிரல்களை மூடித் திறப்பது, சாப்பாட்டுக்கு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவது, இன்னும் வேண்டும் என்பதற்குக் குவித்த இரு கைகளையும் ஒன்றோடொன்று தட்டுவது, போதும் என்பதற்கு உள்ளங்கையைக் காட்டி அசைப்பது ஆகியன இலகுவானவை. குழந்தை நம்மைப் பார்க்கும் நேரத்தில், அந்தப் பொருள் முன்னால் இருக்கும்போது காட்ட வேண்டும். காட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லையும் வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும்; இது முக்கியம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சைகையைப் பாவிக்க வேண்டும். குழந்தை அரைகுறையாகச் செய்தாலும் புரிந்துகொண்டு உடனே பதில் கொடுக்க வேண்டும். வந்தவர்களுக்கு முன்னால் செய்துகாட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

எனது ராத்தாவின் மகன் பதினொரு மாதத்தில், சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டு அழுவதற்குப் பதிலாக உள்ளங்கையைக் காட்டத் தொடங்கினான். அவன் போதும் என்ற பிறகும் இன்னும் ஒரு வாய் ஊட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அவன் சொன்னதைக் கேட்டு நிறுத்திக்கொள்ளப் பெரியவர்களாகிய எங்களுக்குத்தான் கூடுதல் நாட்கள் எடுத்தன.

இதுவரை சொன்னது காது கேட்கும் குழந்தையைப் பற்றியது. அத்தகைய குழந்தைக்குச் சைகை ஒரு துணை. இல்லாவிட்டாலும் அது பேசிவிடும். காது கேளாத குழந்தைக்கோ கையும் கண்ணுமே மொழிக்குள் நுழையும் வாசலாக அமையலாம். அந்த வாசல் காலம் தாழ்த்தித் திறந்தால் இழப்பு பெரிது.

பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்லி வரவேற்பது எமது வழக்கம். அந்தப் பாங்கைக் கேளாத காதுகளோடும் சில குழந்தைகள் பிறக்கின்றன. பெற்றோருக்கு அது உடனே தெரிவதில்லை. காரணம், காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே சிரிக்கும், அழும், குரல் எழுப்பும். பிறகு மற்றக் குழந்தைகள் பா பா, மா மா என்று மழலை கோக்கும் பருவத்தில் இது பின்தங்கும். அப்போது வீட்டில், "வாப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம்" என்று ஆறுதல் சொல்வார்கள். கதவை அடித்துச் சாத்தியும் தட்டத்தைக் கீழே போட்டும் காதைச் சோதிப்பார்கள். குழந்தை தரையின் அதிர்வையும் காற்றின் அசைவையும் உணர்ந்து திரும்பிவிடும். காது கேட்கிறது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும்.

பேரொலிக்குத் திடுக்கிடாத கைக்குழந்தை, ஆறு மாதமாகியும் குரல் வந்த பக்கம் திரும்பாத குழந்தை, ஒரு வயதாகியும் மழலையோ சுட்டிக்காட்டலோ இல்லாத குழந்தை ஆகியோரைக் காலதாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளையின் கிளினிக் பதிவேட்டிலேயே பார்வை, கேட்டல் பற்றித் தாய் கவனித்து நிரப்ப வேண்டிய கேள்விகள் உள்ளன. அவற்றை வெற்றாக விடாமல், சந்தேகம் இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். தூங்கும் குழந்தைக்கே நோவின்றிச் செய்யக்கூடிய கேட்டல் பரிசோதனைகள் இன்று உண்டு.

அவசரம் ஏன் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கேட்டல் குறைபாடுள்ள 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன் குறைபாடு கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பிந்திக் கண்டறியப்பட்டவர்களை விடத் தெளிவாகச் சிறந்திருந்தது என்று காட்டியது. 1991 இல் கனடாவின் மொன்றியலில் லோரா ஆன் பெற்றிற்றோவும் பவுலா மரென்டெற்றும் செய்த ஆய்வோ இன்னும் வியப்பானது. காது கேளாத பெற்றோர் சைகை மொழி பேசும் வீடுகளில் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் அதே வயதில் கையால் மழலை பேசினார்கள். மொழிக்கான விதையை எல்லாக் குழந்தைகளுக்கும் அல்லாஹ் வைத்தே அனுப்புகிறான். அதற்கு நீர் ஒலியாக வந்தாலென்ன, சைகையாக வந்தாலென்ன, உரிய காலத்தில் வர வேண்டும்.

ஆனால் காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. ஆகவே குழந்தையோடு கூடவே அவர்களும் கற்க வேண்டியிருக்கிறது. அப்போது யூடியூப்பில் பார்த்த அமெரிக்கச் சைகைகளைப் பழக்குவது போதாது. சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்றல்ல. நாட்டுக்கு நாடு வேறுபடும். பிள்ளை நாளை யாரோடு பழகப்போகிறதோ, அவர்கள் பாவிக்கும் சைகைகளையே கற்க வேண்டும்.

எமது குடாநாட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு. இலங்கையில் செவிப்புலன், விழிப்புலன் வலுவற்றோருக்கான முதற் பாடசாலை 1912 இல் மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால் தென்னிலங்கையில் தொடங்கி, பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்மொழிப் பிள்ளைகளுக்காக 1956 இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவானது. கண்டி வீதியால் நாவற்குழியைத் தாண்டிப் போகும்போது நாம் கடந்து செல்லும் அந்த ஊரில், பல தலைமுறைப் பிள்ளைகள் தமிழும் சைகையும் கற்று வெளியேறியிருக்கிறார்கள். எனினும் பாடசாலை வயது வரும்வரை வீட்டில் மொழியே இல்லாதிருந்த பிள்ளைக்கு, எவ்வளவு சிறந்த ஆசிரியராலும் இழந்த ஆண்டுகளை முழுதாக மீட்டுக் கொடுப்பது கடினம். முதல் வகுப்பறை வீட்டின் விறாந்தையாக இருக்க வேண்டும்.

கேட்டற்கருவியும் உட்செவி அறுவைச் சிகிச்சையும் இருக்கும்போது சைகை எதற்கு என்று கேட்கலாம். அவை பெரிய உதவிகள். கிடைப்பவர்கள் பெற வேண்டும். சென்னையில் 1969 இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கேட்டற்கருவியின் துணையுடன் வாய்ப்பேச்சைப் பயிற்றி வருகிறது. அங்கும் முதற் பாடம் தாமதிக்காதே என்பதுதான். ஆனால் கருவி கிடைக்கும் வரையிலும், கிடைத்தும் போதிய பயன் தராதபோதும் பிள்ளையை மொழியின்றி வைத்திருக்க முடியாது. ஒன்றுக்காக மற்றதைத் தடை செய்யத் தேவையில்லை.

அப்படித் தடை செய்த வரலாறும் உலகுக்கு உண்டு. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சு முறையே மேலானது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளின் பாடசாலைகளில் சைகை விலக்கப்பட்டது. 1960 இல் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அறிஞர், சைகை மொழிக்கும் தனக்கேயுரிய இலக்கணம் உண்டு என்று நிறுவினார். 2010 இல் வன்கூவரில் கூடிய அதே மாநாடு, மிலான் தீர்மானத்தால் நேர்ந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. இன்று ஐக்கிய நாடுகள் சபை செப்டெம்பர் 23 ஆம் திகதியைச் சர்வதேச சைகை மொழிகள் தினமாக அறிவித்துள்ளது.

மிலானின் நிழல் எமது ஒழுங்கைகளிலும் விழுகிறது. கையால் பேசும் பிள்ளையை "ஊமை" என்று அழைப்பதும், நாலுபேர் முன்னால் கையை ஆட்டாதே என்று அடக்குவதும், பெண்பிள்ளையானால் எதிர்காலத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் மறைப்பதும் இன்னும் நடக்கின்றன. மார்க்கம் எமக்கு இதைக் கற்பிக்கவில்லை. மக்களோடு வாய்பேசாதிருந்த நாட்களில் ஸக்கரிய்யா நபி (அலை) சைகையால் தம் சமூகத்துக்கு அறிவித்ததையும், மர்யம் (அலை) கேள்வி கேட்டவர்களுக்குக் குழந்தையைச் சுட்டிக்காட்டியதையும் ஸூரா மர்யமில் ஓதுகிறோம். உஸ்மானியர் தொகுத்த மஜல்லா சட்டநூல், வாய்பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகையை வாய்ச்சொல்லுக்கு நிகராக ஏற்கிறது. கொடுக்கல் வாங்கலுக்கே ஏற்கப்படும் சைகை, ஒரு குழந்தை உம்மாவிடம் பசி என்று சொல்வதற்கு எப்படி வெட்கமாகும்?

தோழியரே, எம்மில் பலர் நாளை தாயாகவும், முன்பள்ளி ஆசிரியையாகவும், தாதியாகவும் ஆகப்போகிறோம். இன்றே எமது வீடுகளில் தம்பி தங்கையரும், ராத்தாவின், காக்காவின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் குரலுக்குத் திரும்புகிறார்களா, விரலால் காட்டுகிறார்களா என்று முதலில் கவனிக்கக்கூடியவர்கள் நாமே. சந்தேகம் வந்தால் வீட்டாரைக் கிளினிக்குக்கு அனுப்பும் துணிவு எமக்கு வேண்டும். பெற்றோரே, உங்கள் குழந்தை கையை நீட்டும்போது அதை ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். காது கேட்கும் பிள்ளை அதனால் மகிழ்ச்சியடையும். காது கேளாத பிள்ளைக்கோ, தனக்கும் ஒரு மொழி இருக்கிறது என்று அன்றுதான் தெரியவரும்.