அலையோடு ஓடும் எலக்ட்ரான்

1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் கோள்களையெல்லாம் கடந்து எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து அவை அனுப்பும் நுண்ணலையின் திறன் ஏறத்தாழ 20 வாட். நம் வீட்டு எல்.இ.டி. குழல்விளக்கு இழுக்கும் மின்சாரம், அவ்வளவுதான். அந்த அலைக்கு வலுவேற்றி அனுப்புவது ஒரு வெற்றிடக் குழாய். பெயர், பயண அலைக் குழாய்.

1943-இல் பிரிட்டனில் இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் காம்ப்ஃப்னர் வியன்னாவில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். இதற்கான கோட்பாட்டை விரிவாக வகுத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ்.

குழாயின் ஒரு முனையில் சூடான மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் கற்றையாகப் பாய்கின்றன. அவற்றின் ஆற்றலை அலை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். சிக்கல் அங்கேதான். 3,000 வோல்ட் கொடுத்தாலும் எலக்ட்ரான் ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் எட்டும். வெறும் உலோகக் குழாயான அலைநடத்திக்குள்ளோ அலையின் முகடுகள் ஒளியையும் மிஞ்சி ஓடும்.

ஆகவே அலையின் வேகத்தைக் குறைக்கிறார்கள். கம்பிச் சுருள் வழியே அதைச் செலுத்துகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து எவ்வளவு ஓடினாலும் மலையில் மெல்லத்தானே ஏறும்? அதுபோல, கம்பியைச் சுற்றிச் சுற்றி வரும் அலையும் குழாயின் நீளவாக்கில் மெல்லவே நகரும். பெருந்திறன் வேண்டுமிடத்தில் மெல்லிய கம்பி சூட்டைத் தாங்காது; அங்கே உலோக அறைகளை வரிசையாகக் கோத்த அலைநடத்தி வைப்பார்கள்.

கற்றையின் வேகம் அலையைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது அலையின் மின்புலம் எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாகத் திரட்டி, அவற்றின் வேகத்தைக் குறைக்கும். அவை இழக்கும் ஆற்றல் அலைக்குச் சேரும். அலை வளர வளரக் கொத்து இறுகும். கொத்து இறுக இறுக அலை மேலும் வளரும்.

வடிவமைப்பாளர் இன்னும் மூன்றைக் கவனிக்கிறார். ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள் சிதறாதிருக்கக் குழாயைச் சுற்றிக் காந்தங்கள். திரும்பி வரும் அலை தானாக அதிரத் தொடங்காதிருக்க இடையில் ஓர் உறிஞ்சுபொருள். கடைசியில், எஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதியை மீட்கும் சேகரிப்பு மின்வாய்.

1962-இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது இந்தக் குழாயைக் கொண்டுதான். ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் இத்துறையில் உழைக்கிறது. டிரான்சிஸ்டரோடு வெற்றிடக் குழாயின் காலம் முடிந்துவிட்டதென்று எண்ணும் மாணவர்கள் இதை ஒருமுறை ஆழ்ந்து படிக்க வேண்டும்.