நார்வே தேசிய அருங்காட்சியகம்: கவின்கலையும் பயன்கலையும் ஓரமைப்பாதல்

முன்னுரை

ஒரு நாட்டின் கலைச்செல்வங்கள் வகுக்கப்படும் முறை, அவை மதிக்கப்படும் முறையையும் உருவாக்குகிறது. ஓவியம் ஒரு கட்டடத்திலும் நெசவு மற்றொரு கட்டடத்திலும் வைக்கப்படும்போது முன்னது கலை, பின்னது கைவினை என்னும் தரவேறுபாடு நிலைபெறுகிறது. நிறுவன இணைப்பால் இவ்வேறுபாடு எந்த அளவிற்கு நீங்கும் என்பதை ஒஸ்லோ நகரின் தேசிய அருங்காட்சியகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இணைந்த நிறுவனங்கள்

2003ஆம் ஆண்டு தேசியக் காட்சிக்கூடம், கலைத்தொழில் அருங்காட்சியகம், சமகாலக் கலை அருங்காட்சியகம், கட்டடக்கலை அருங்காட்சியகம் ஆகிய நான்கும் ஒரே அமைப்பாயின. ஊர்தோறும் கண்காட்சிகளைக் கொண்டுசென்ற அரசு நிறுவனமும் பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டது. இவற்றுள் கலைத்தொழில் அருங்காட்சியகம் 1876இல் தோன்றியது; சமகாலக் கலை அருங்காட்சியகமோ 1990இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. எனவே வயதாலும் நோக்காலும் வேறுபட்ட மரபுகள் இங்கு ஒன்றிணைந்தன எனலாம்.

இணைப்பின் சிக்கல்கள்

நிருவாகம் ஒன்றான பின்னரும் கட்டடங்கள் தனித்தனியாகவே இயங்கின. 2005இல் தேசியக் காட்சிக்கூடத்தின் ஓவியங்கள் காலவரிசையை விடுத்துப் பொருள்வாரியாக அடுக்கப்பட்டபோது கடுங்கண்டனம் எழுந்தது. பழைய காட்சிக்கூடத்தைக் கைவிடுவதையும் பலர் எதிர்த்தனர். ஒரு நிறுவனத்தின் நினைவு அதன் பொருள்களில் மட்டுமன்றி, அவை அமைந்த இடத்திலும் வரிசையிலும் தங்கியுள்ளது என்பதை இவ்வெதிர்ப்புகள் உணர்த்துகின்றன.

புதிய கட்டடமும் புதிய வகைப்பாடும்

பழைய மேற்கு ரயில் நிலைய வளாகத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடம் 2022 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 4,00,000 பொருள்களைக் கொண்ட தொகுப்பில் சுமார் 6,500 பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பால்டிஷோல் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட இடைக்கால நெசவுச் சித்திரத் திரையும், எட்வர்ட் முங்க் 1893இல் தீட்டிய ‘அலறல்’ ஓவியமும் இன்று ஒரே கூரையின்கீழ் உள்ளன. ஆயினும் வடிவமைப்பும் கைவினையும் முதன்மையாகக் கீழ்த்தளத்திலும், ஓவியமும் சிற்பமும் அதற்கு மேல்தளத்திலும் இடம்பெறுகின்றன. கட்டடங்களுக்கு இடையே இருந்த எல்லை தளங்களுக்கு இடையிலான எல்லையாகச் சுருங்கியுள்ளதே தவிர, முற்றிலும் மறையவில்லை.

முடிவுரை

நிருவாக இணைப்பு ஓர் அரசாணையால் கைகூடும். கட்டட இணைப்பிற்கு இங்கு 19 ஆண்டுகள் தேவைப்பட்டன. வகைப்பாட்டின் இணைப்போ இன்னும் நிறைவுறவில்லை. நெய்தவரின் கைவண்ணமும் தீட்டியவரின் கைவண்ணமும் அடுத்தடுத்து வைத்துக் காணப்படும்போதே இணைப்பு தன் முழுப்பொருளை எய்தும் என்பது இதனால் பெறப்படுகிறது.