நெஞ்சைக் கரிக்கிறதா?

சென்ற தை மாதம் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே நல்ல குளிர். மலை மிளகு மணக்கும் காரக் குழம்பு, பிறகு சுடச்சுடக் காப்பி. உடனே எல்லோரும் கம்பளிக்குள் புகுந்துவிட்டோம்.

நடு ராத்திரி அத்தை எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சு காந்துகிறதாம், புளித்த நீர் தொண்டை வரை எதுக்களிக்கிறதாம். "எல்லாம் அந்த வளைவுகள் செய்த வேலை!" என்றாள்.

பாவம், வளைவுகள்! அவை தருவது தலைசுற்றலும் குமட்டலும்தான். இது வேறு. இரைப்பையின் வாயிலில் ஒரு தசை வளையம் கதவு போல் காவல் காக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலேறும். அதைத் தாங்கும் பூச்சு இரைப்பைக்கு உண்டு. உணவுக் குழாய்க்கு இல்லை.

என்றோ ஒரு நாள் வந்தால் பாதகமில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாதக் கணக்கில் என்றால் அலட்சியம் கூடாது. குழாய் புண்ணாகிச் சுருங்கலாம். வறட்டு இருமல், குரல் கம்மல், பல் தேய்வு வரலாம். அபூர்வமாகப் புற்றுநோய்க்கும் வழி வகுக்கும்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டு, உடனே தலை சாய்க்கும் சகோதரிகளே! சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள். கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்துங்கள். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். பாவாடை நாடாவை இறுக்காதீர்கள்.

விழுங்கும்போது அடைத்தாலோ, உடல் இளைத்தாலோ, மலம் கறுத்தாலோ டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், மாரடைப்பாக இருக்கலாம்; உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அத்தை இப்போது ஏழு மணிக்கே இலை போட்டுக்கொள்கிறாள். மிளகுக் குழம்பை மட்டும் விடவில்லை!