முந்தானை நினைவும் பிரமாணப் பத்திரமும்

1999-இல் சிமி கரேவாலுக்கு அளித்த தொலைக்காட்சி நேர்காணலில் ஜெயலலிதா தம் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்ந்தார். படப்பிடிப்புக்காகப் பிரிந்திருக்கும் தாய் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மீண்டும் போய்விடக் கூடாதென்று அவருடைய முந்தானையைப் பற்றிக்கொண்டே உறங்குவாராம் அந்தச் சிறுமி. உறக்கம் கலையாமல் சேலையை அவிழ்த்துத் தம் சகோதரிக்கு உடுத்தி, அருகில் படுக்கவைத்துவிட்டுத் தாய் கிளம்பிவிடுவாராம். சொத்துக்குவிப்பு வழக்கு நிலுவையில் இருந்த காலம் அது. இன்றும் அந்தக் காணொலியைப் பார்ப்போர் நெகிழ்கிறார்கள். நானும் நெகிழ்ந்தவன்தான்.

அந்த நினைவு பொய்யென்று ஐயுற வேண்டியதில்லை. ஆனால், அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. சாலை போட்டதாக ஓர் அரசியலர் சொன்னால் சாலையைப் போய்ப் பார்க்கலாம். சிறுவயதில் அழுததாகச் சொன்னால் எங்கே போய்ப் பார்ப்பது? கேள்வி கேட்பவரும் அங்கே செய்தியாளர் அல்லர், விருந்தினரை உபசரிப்பவர்.

2019 ஏப்ரல் 24 அன்று, மக்களவைத் தேர்தலின் மூன்றாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், நடிகர் அக்‌ஷய் குமார் பிரதமர் மோடியைச் சந்தித்த நேர்காணல் ஒளிபரப்பானது. அரசியல் அல்லாதது என்றே அது அறிவிக்கப்பட்டது. மாம்பழம் பிடிக்குமா, எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள் என்பன போன்ற கேள்விகள். நாட்டின் பல பகுதிகள் இன்னும் வாக்களிக்கவிருந்த நிலையில், அதை அரசியல் அல்லாதது என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும்.

அதே தலைவரின் வாழ்க்கையில் முக்கியமான ஒரு தகவல் நேர்காணல் வழியாக வெளிவரவில்லை. 2012 வரை குஜராத் சட்டப்பேரவைத் தேர்தல்களில் வேட்புமனுவோடு அவர் அளித்த பிரமாணப் பத்திரங்களில் மனைவி பற்றிய இடம் நிரப்பப்படாமல் இருந்தது. 2014-இல் வதோதராவில் மனுத்தாக்கல் செய்தபோதுதான் தாம் மணமானவர் என்று குறிப்பிட்டார். இடையில் நிகழ்ந்தது ஒரு தீர்ப்பு: பிரமாணப் பத்திரத்தில் எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு அடித்தளமிட்டது 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது அது. மனைவி அல்லது கணவரின் சொத்தும் அதில் அடங்கும். குடும்ப வாழ்க்கை பொதுவெளிக்கு வந்தாக வேண்டிய இடம் இதுதான். இங்கே தலைவர்கள் தாமாக மனந்திறப்பது அரிது.

அந்தரங்கம் அரசியலருக்கும் உண்டு. காதலையும் மணமுறிவையும் சொல்லாதிருக்கும் தலைவரை நான் குறைகூற மாட்டேன். ஆட்சி நடத்தும் உடல்நிலையில் இருக்கிறாரா என்பது அப்படிப்பட்டதன்று. 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட முதல்வர் ஜெயலலிதாவின் நிலையை 75 நாள்கள் தமிழகம் அறிக்கைத் துணுக்குகளிலும் வதந்திகளிலும் தேடியது. காய்ச்சல், நீரிழப்பு என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அவருடைய மரணம் குறித்து விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். முந்தானைக் கதையை அவர் வாயாலேயே கேட்டறிந்த மக்களுக்கு, தங்கள் முதல்வர் கையொப்பமிடும் நிலையில் இருக்கிறாரா என்பது தெரியவில்லை. வேட்பாளரின் உடல்நிலையைக் கேட்கும் பகுதி பிரமாணப் பத்திரத்தின் 26-ஆம் படிவத்தில் இன்றும் இல்லை.